நரித்தலையோடு நின்ற சம்பந்திக்கு

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்குப் பின்.

மரியாதைக்குரிய சம்பந்தி ஸ்ரீ ஹரிநாராயணன் அவர்களுக்கு, கமலாக்ஷி நமஸ்காரம் சொல்லி எழுதுவது.

முதலில் ஒரு திருத்தம். மியூசியத்தில் கிடத்தியிருந்த எகிப்து மம்மிப் பொம்மைக்கு நான் வாய்க்கரிசி போட்டேன் என்று மட்டாஞ்சேரி முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதற்குள் நீங்கள் இருக்கும் கலூர் வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கும். அது சுத்தப் பொய். நான் போட்டது மாலை. மாலையிலிருந்து சில மல்லிகை மொட்டுகள் உதிர்ந்து அந்தப் பொம்மையின் வாய்ப்பக்கம் விழுந்தன. தூரத்தில் நின்றவர்களுக்கு அது அரிசியாகத் தெரிந்திருந்தால் அவர்கள் ஒரு கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது. நான் ஒப்பாரி வைத்தேன் என்பதும் தவறு. ஒப்பாரிக்கு ராகம் உண்டு. நான் பேசினேன். சற்று உரக்கப் பேசினேன், அவ்வளவுதான்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்ததைப் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் உடல்நிலையைப் பற்றி இந்த நேரத்தில் நான் கேட்டால் நீங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தள்ளிப் போட்டேன். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பது ஊர் பார்க்க நிரூபணமாகிவிட்டது. என் விஷயம்: ரத்த அழுத்தம் சரி, முழங்கால் சுமார், முகத்தை வெளியே காட்ட முடியவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் காகிதக் கூழில் செய்த நரித்தலை ஒன்றைக் கழுத்து வரைக்கும் கவிழ்த்துக்கொண்டு இருந்தீர்கள். அதன் மூக்குத் துவாரம் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும் என்று மியூசியத்தில் வேலை பார்க்கும் அஞ்சனா சொன்னாள். ஆகவே உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத விஷயங்கள் பல உண்டு.

உங்கள் பேச்சின் தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பதை நான் என்றும் மறைத்ததில்லை. வெலிங்டன் தீவில் போர்ட் ஆபீசில் பொறுப்பான பதவியிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர், என் பெண் ஸ்நேஹாவின் மாமனார், துறைமுகத்தின் சரித்திரத்தைப் பற்றிப் பேசலாம், திருவாசகத்தைப் பற்றிப் பேசலாம். பழைய இங்கிலீஷ் டெலிவிஷனில் வந்த விண்வெளித் தொடர்களுக்குப் பழங்கால எகிப்து என்ன கொடுத்தது என்று பேசுவதற்கு ஒரு மியூசியமும் ஒரு மைக்கும் வேண்டுமா என்று உங்கள் முகத்துக்கு நேரேதான் கேட்டேன். கான்வென்டில் எங்களுக்குச் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த எகிப்து வேறு. அதில் மோசே உண்டு, தவளை உண்டு, செங்கடல் உண்டு. பறக்கும் பிரமிடு கிடையாது. ஆனால் நீங்கள் என் பேச்சைக் கேட்பவரா? குழந்தைகள் கனடா போய், உங்கள் வீட்டு அம்மாளும் காலமான பிறகு, வியாழக்கிழமைதோறும் கலூரிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து, என் கூடத்தில் நின்றுகொண்டே அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தீர்கள். "செத்தவா எல்லாரும் ஒரு யாத்திரை போறான்னு எகிப்துக்காரா நம்பினா, சம்பந்தி. யாத்திரைன்னா வண்டி வேணும், சாமான் வேணும், காவலுக்கு நரித்தலைச் சாமி வேணும். டிவிக்காரா என்ன பண்ணினா? அந்த வண்டிக்கு ஒரு இன்ஜினை வெச்சா. அவ்வளவுதான்!" என்றீர்கள். "அவ்வளவுதான்னா ஒரு மணி நேரம் பேசறதுக்கு என்ன இருக்கு?" என்று நான் கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு, பென் டிரைவை என் டிவியில் சொருகி, அந்தக் கறுப்பு வெள்ளைத் தொடரில் அடுத்த பாகத்தைப் போட்டீர்கள். அப்போதெல்லாம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

வர மாட்டேன் என்று சொன்ன நான் அன்று வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அந்த மியூசியத்தில் பேச வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய பூங்கொத்து ஒன்றைக் கையில் திணிப்பார்கள். என் சம்பந்திக்கு அந்த மாதிரி மரியாதை நடக்கக்கூடாது என்று சம்பங்கியும் மல்லிகையும் வைத்து நல்ல மாலையாக ஒன்று கட்டச் சொல்லியிருந்தேன். பேச்சு முடிகிற நேரத்துக்குப் போய் மாலையைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் திரும்பிவிடுவது என்பது என் திட்டம். ஆட்டோ பஜாரில் அரிசி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு லாரிக்காரனோடு சண்டைக்கு இறங்கிவிட்டான். நான் இறங்கி வெயிலில் நடந்தேன். நடக்கிற வழியில் ஒரு சரக்குக் கிட்டங்கிச் சுவரில் உங்கள் போட்டோ ஒட்டியிருந்தது. கீழ்ப்பாதியை ஆடு தின்றுவிட்டது. மேல்பாதியில் உங்கள் முகம், உங்கள் பெயர், தேதி, மூன்று மணி. நம் ஊரில் ஒரு பெரியவரின் போட்டோவும் பெயரும் நேரமும் சுவரில் ஏறினால் அது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தின வாரம்தான் நெஞ்சு வலி என்று உங்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அது வாயுக் கோளாறு என்று சொன்னவள் நான். அந்தச் சுவரைப் பார்த்ததும் அது பேச்சுக்கு ஒட்டிய போஸ்டராக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நீங்கள் போய்விட்டீர்கள் என்றுதான் தோன்றியது.

மியூசியம் வாசலில் காவல்காரர் சேவியர் நின்றிருந்தார். "என்ன மாமி, இப்பத்தான் வரீங்களா? மூணு மணிக்கே ஆள் நெறஞ்சாச்சு. செருப்பை இங்க விட்டுட்டு, சத்தம் போடாம வரிசையில போங்க" என்றார்.

"ஏன் சேவியர் எனக்கு யாரும் சொல்லி விடலை?"

"போஸ்டர்தான் ஒட்டியிருக்கே மாமி. நீங்க சொந்தக்காரங்க, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு விட்டுட்டாங்க. போகும்போது பின்னாடி சாயாவும் பழம்பொரியும் உண்டு, சாப்பிட்டுட்டுப் போங்க."

"அவரை உள்ள வெச்சுண்டு பழம்பொரியா?"

"சாரே சொல்லி ஏற்பாடு பண்ணினதாக்கும். வந்தவங்க யாரும் பசியோட போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாரு."

சாகப்போகும் நேரத்திலும் பழம்பொரியை நினைத்த மனிதர் என்று எண்ணிக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.

கொச்சியில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர் போய்விட்டால் வீட்டில் வைப்பதோடு நிறுத்த மாட்டோம். ஒரு ஹாலிலோ லைப்ரரியிலோ பொதுதரிசனத்துக்கு வைப்போம். வரிசையில் போய் ஒரு பூவை வைத்துவிட்டுத் திரும்புவோம். நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்: "எங்க ஃபிளாட் லிஃப்டுல ஒருத்தரைப் படுக்க வெச்சுக் கொண்டுபோக முடியாது, சம்பந்தி. நிக்க வெச்சுத்தான் இறக்குவா. அதனால என்னை மியூசியத்துலயே வெச்சுடுங்கோ." அன்றைக்கு அதைக் கேட்டு நான் முகம் சுளித்தேன். இப்போது உள்ளே நுழைந்தால், வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒரே இருட்டு, முன்பு கிட்டங்கியாக இருந்த கட்டடத்தின் சுக்கு வாசனை, வெறுங்காலோடு சத்தமில்லாமல் வரிசையில் நகர்கிற ஜனம். நடுவில் மேஜைமேல் நீளமாக, தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணி சுற்றி ஒன்று கிடக்கிறது. தலைமாட்டில் நிலவிளக்கு. நிகழ்ச்சித் தொடக்கத்தில் ஐந்து திரி ஏற்றினார்களாம். நாலை மின்விசிறி அணைத்துவிட்டது. ஒற்றைத் திரி எரிகிறது. தலைமாட்டில் ஒற்றைத் திரி என்றால் என்ன அர்த்தம் என்று எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். மியூசியம் தலைவர் ரமேஷ்பாபு வெள்ளை வேஷ்டியில் கைகட்டித் தலை குனிந்து நிற்கிறார். அவர் தன் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் போனால், கால்பக்கத்துச் சுற்றில் மயில்கண் கரை தெரிகிறது. தீபாவளிக்கு நான் உங்களுக்கு வைத்துக்கொடுத்த வேஷ்டி. அதைக் கிழித்தா சம்பந்தி நீங்கள் பொம்மைக்குச் சுற்ற வேண்டும்? முகத்தை ஏன் மூடியிருக்கிறார்கள் என்று தோன்றியது. துக்க வீட்டில் அதைக் கேட்பது நாகரிகமில்லை என்று கேட்கவில்லை. காலடியில் நரித்தலையோடு ஒருவர் நின்றதையும் நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். கோவிந்த் கனடாவிலிருந்து வந்து சேர முடியாததால், மகன் ஸ்தானத்தில் மியூசியம்காரர்கள் தங்கள் முறைப்படி ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

மாலையைப் போட்டேன். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, சத்தமில்லாமல் வெளியே வந்திருக்க வேண்டும். பொது இடத்தில் குரலை உயர்த்தாதே என்று முட்டியில் ஸ்கேலால் தட்டி வளர்த்த பெண் நான். என் வீட்டுக்காரர் போனபோதுகூட வந்தவர்களுக்கு நாற்காலி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருவரும் என் சத்தத்தைக் கேட்கவில்லை. இந்த முறை கால் நகரவில்லை. வாய் திறந்துகொண்டது. என்ன சொன்னேன் என்பதை ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அஞ்சனா அனுப்பிய வீடியோவைப் பார்த்துச் சரியாக எழுதுகிறேன், இனி இதில் சந்தேகம் வேண்டாம். "நீங்க போடற காபி நன்னாத்தான் இருக்கும், ஒரு நாளும் நான் சொன்னதில்லை" என்றேன். "நான் பேப்பரா படிச்சேன்? ஒரே பக்கத்தை மூஞ்சிக்கு நேரா புடிச்சுண்டு அத்தனையும் பார்த்தேன்!" என்றேன். அதற்குப் பிறகு, அந்த மியூசியத்தில் இருந்த விண்வெளித் தொடர் ரசிகர்கள் அத்தனை பேரும் கேட்க, "அந்தப் பிரமிடுக் கப்பல் பூமிக்குத் திரும்பி வந்ததா இல்லையா? பெட்டிக்குள்ள தூங்கற ராஜகுமாரி எழுந்தாளா? பாதியில விட்டுட்டுப் போயிட்டேளே! எனக்கு அந்தப் பென் டிரைவைச் சொருகக்கூடத் தெரியாதே!" என்றேன். கடைசியாக, "வியாழக்கிழமை வந்தா இனிமே நான் யாருக்குக் கதவைத் திறப்பேன்?" என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சுக்கு வியாபாரி குஜராத்திப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கப்பல் திரும்பி வரும் மாமி, கவலைப்படாதீங்கோ" என்று ஒரு பெண் சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான், பானைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் கேட்டது. "சம்பந்தி, நான் இங்கதான் இருக்கேன்." வீடியோவில் அது விழவில்லை. நரி பேசுகிறது. என் கையில் குடை இருந்தது. ஒரு தட்டுத் தட்டினேன். மூக்கு உடைந்து விழுந்தது, மீதித் தலையை நீங்கள் கழற்றினீர்கள், உள்ளே வேர்த்து வழிந்துகொண்டு உங்கள் முகம். வரிசையில் நின்ற ஜனம் கைதட்டியது. இதெல்லாம் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்களாம். என்னைப் பேச்சுக்கு முடிவுரையாக நீங்கள் ஏற்பாடு செய்ததாகவே ரமேஷ்பாபு இன்றும் நம்புகிறார். அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் இதையே நடத்தித் தர முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். நான் கதவைத் திறக்கவில்லை.

உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதை அவமரியாதை என்று எண்ண வேண்டாம். துக்க வீட்டிலிருந்து "போயிட்டு வரேன்" என்று சொல்லிக் கிளம்பக்கூடாது என்பது நம் வழக்கம். நீங்கள் உயிரோடு எதிரில் நின்றுகொண்டு "சம்பந்தி, சம்பந்தி" என்று கூப்பிட்டும் அந்த வழக்கம்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தது. செருப்பை விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். யார் செத்ததற்குக் குளிக்கிறாய் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று. தலையில் தண்ணீர் ஊற்றுகிறபோதுதான் நீங்கள் சாகவில்லை என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

அதற்குப் பிறகு நான் படும் பாடு உங்களுக்குத் தெரியாது. காய்கறிக்குப் பின்தெரு வழியாகப் போகிறேன். அங்கேயும் அரிசி மூட்டை இறக்குகிற ஆட்கள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே, "மாமீ, கப்பல் வந்தாச்சோ?" என்று கேட்கிறார்கள். கோவில் பிரசாத வரிசையில் ஒரு அம்மாள் தன் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடமிருந்து நாலு அடி தள்ளி நின்றாள். கான்வென்ட் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில், இலக்கணப் பிழையைத் தவிர வேறெதையும் பற்றி நான் எழுதியதில்லை. அங்கே யாரோ அந்த வீடியோவைப் போட, பதில் எழுதாத ஒரே ஆள் நான்தான். ஸ்நேஹா கூப்பிட்டாள். "அம்மா, நீ அழுதியா?" என்றாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தேன் என்றேன். "மியூசியத்துல வெச்சா விட்டுண்டே?" என்றாள். பெற்ற பெண் இப்படிக் குறுக்கு விசாரணை செய்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை நீங்கள் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன், காற்றுக்காக. டிவிக்கு எதிரில் உங்கள் நாற்காலியையும் போட்டு வைத்தேன், தூசி தட்டுவதற்காக எடுத்தது. பஸ் வருகிற நேரம் தாண்டி, அடுத்த பஸ் வருகிற நேரமும் தாண்டிய பிறகு கதவைச் சாத்தினேன். என்னால் ஊர் முன்னால் உங்களுக்குத் தலைகுனிவு என்று கோபமா? உயிரோடு இருக்கிற மனிதருக்கு மாலை போட்டு அழுதது அபசகுனம் என்று வருத்தமா? அல்லது நான் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, இனி இந்த வீட்டுப் படியேறுவது முறையில்லை என்று தோன்றிவிட்டதா? அபசகுனம் என்றால் குருவாயூருக்குப் போய் எது சொல்கிறார்களோ அதைச் செய்கிறேன். தலைகுனிவு என்றால் அந்த மியூசியத்துக்கே திரும்பப் போய் மைக்கில் மன்னிப்புக் கேட்கிறேன். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாவதுதான் காரணம் என்றால், தயவு செய்து இப்படி யோசித்துப் பாருங்கள்: அந்த வார்த்தைகள் இறந்துபோன ஒருவரிடம் சொல்லப்பட்டவை. அந்த ஒருவர் இறக்கவில்லை. ஆகவே அவை யாரிடமும் சொல்லப்படாதவை. உயிரோடு எதிரில் நிற்கிற மனிதரிடம் நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு பழையபடி வந்து போகலாம். நானும் பழையபடி பேப்பர் படிப்பேன்.

நரியின் மூக்கை ஒட்டித் தர இங்கே ஒரு தச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். துண்டுகளைச் சேவியரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அவர் என் செருப்பையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். கோவிந்துக்கும் ஸ்நேஹாவுக்கும் என் ஆசிகள். இந்த விஷயத்தை இனி அவர்கள் வாயில் எடுக்கக்கூடாது என்பதையும் ஆசியோடு சேர்த்துச் சொல்லிவிடவும். உங்களுக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும். வயதில் சிறியவள் ஆசி சொல்லக்கூடாதுதான். ஆனாலும் இதை நான் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

இப்படிக்குத் தலை நிமிர முடியாமல்,
கமலாக்ஷி

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் உண்மைக்கு மாறாக எழுதியிருக்கிறேன். நான் சொல்லி முடித்த பிறகு நீங்கள் கூப்பிடவில்லை. பென் டிரைவைப் பற்றிச் சொல்லி நான் மூச்சு வாங்கியபோதே கூப்பிட்டீர்கள். எனக்குக் கேட்டது. நரித்தலைக்குள்ளிருந்து வந்தாலும் உங்கள் குரல் எனக்குத் தெரியாதா? திரும்பி உங்களைப் பார்த்தேன். பிறகு பொம்மையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. வரும் வியாழக்கிழமை வருவீர்களா, மாட்டீர்களா? ஃபோனில் கூப்பிட வேண்டாம், நடுவில் சிரித்துவிடுவீர்கள். கடிதமாக எழுதிப் பதில் அனுப்பவும்.